திரவப் படிக அறிஞர் சந்திரசேகர்

உலகத்துப் பொருள்களைத் திண்மம், திரவம், வாயு என மூவகையாகப் பகுத்துக் கூறுதல் மரபு. கல் திண்மம், நீர் திரவம், காற்று வாயு. இப்பகுப்பு எளியது, கல்வி தொடங்குவார்க்கு ஏற்றது. ஆயினும், அடுக்களைக்குள் சென்று நோக்கின், எல்லாப் பொருளும் இம்மூன்றனுள் எளிதில் அடங்கிவிடுவதில்லை என்பது விளங்கும். நன்கு உறைந்த தயிர், கலத்தைச் சற்றே சாய்த்தால் நீரைப்போல் ஓடுவதில்லை. ஆயின் கரண்டி பட்டால் கல்லைப்போல் எதிர்த்து நிற்பதும் இல்லை. சோப்பு நுரையில் இருப்பன நீரும் காற்றுமே. எனினும் அந்நுரை கையில் குவியலாக நிற்கிறது. வெண்ணெயும் பசையும் கூழும் இத்தகையனவே. சிறிய விசைக்கும் இணங்கி வடிவம் மாறும் இப்பொருள்களை அறிவியலார் மென்பருப்பொருள்கள் என வழங்குவர். இவற்றுள் வியப்பு மிக்கதொரு வகையைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு, உலகம் அறியாதிருந்த புதியதொரு நிலையைக் கண்டுணர்த்தியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் என்னும் இந்திய அறிஞர் ஆவார்.

திரவப் படிகம்

அவர் ஆராய்ந்த பொருளின் பெயர் திரவப் படிகம் என்பது. பெயரே முரணுடையதாகத் தோன்றுகின்றதன்றோ? படிகமாவது, தன்னகத்துள்ள நுண்துகள்கள் முறை பிறழாமல் அடுக்கப்பெற்ற திண்பொருள். திரவமாவது, அவ்வொழுங்கின்றித் துகள்கள் கலந்து திரியும் பொருள். ஒன்று மற்றொன்றாதல் எங்ஙனம் கூடும்?

இவ்வினா முதன்முதல் எழுந்தது 1888ஆம் ஆண்டில். பிராக் நகரில் வாழ்ந்த ரைனிட்சர் என்னும் தாவரநூற் புலவர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். அது 145.5 பாகை வெப்பத்தில் உருகிற்று. ஆனால் உருகியது தெளிவாக இல்லை, பால்போற் கலங்கியிருந்தது. மேலும் சூடாக்க, 178.5 பாகையில் அக்கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு உருகுநிலை ஒன்றே என்பது அக்காலத்தார் துணிபு. இதற்கோ இரண்டு உருகுநிலைகள் இருப்பனபோல் தோன்றின. வியப்புற்ற அவர், ஓட்டோ லேமான் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கு இதனை எழுதி அறிவித்தார். லேமான் நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து, அக்கலங்கிய நீர்மை பாய்கின்ற தன்மையில் திரவத்தையும், ஒளியை ஆளும் தன்மையில் படிகத்தையும் ஒத்திருத்தலைக் கண்டார். இவ்வாறு பிறந்ததே திரவப் படிகம் என்னும் கருத்து.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். காலையில் இறைவணக்கத்தின்போது மாணவர்கள் தத்தமக்குரிய இடத்தில் வரிசையாக நிற்கின்றனர். அது படிகத்தை ஒக்கும். மாலையில் மணி ஒலித்ததும் மைதானத்தில் மனம்போன திசையில் ஓடுகின்றனர்; அது திரவத்தை ஒக்கும். விழா நாளில் அவர்களே ஊர்வலமாகச் செல்லும்போது, ஒருவர் முந்துவர், ஒருவர் பிந்துவர்; இடம் மாறிக்கொண்டே இருப்பர்; ஆயினும் அனைவர் முகமும் ஒரே திசையை நோக்கியிருக்கும். இட ஒழுங்கு அழிந்தும் திசை ஒழுங்கு அழியாத இந்நிலையே திரவப் படிக நிலை.

நெடுங்காலம் இப்பொருள் ஆய்வுக்கூடத்து விந்தையாகவே எண்ணப்பெற்றது. இதனால் விளையும் பயன் யாதென்று வினவியவர்க்கு விடை கூறுவார் இல்லை. இதனை ஆராய்ந்தோர் உலகெங்கும் மிகச் சிலரே.

குடியும் கல்வியும்

சந்திரசேகர் 1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அவர்தம் அன்னையார், ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக அதே 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு எய்திய சர் சி. வி. ராமனின் தங்கையார். விண்மீன்களின் வாழ்வையும் மறைவையும் கணித்து, 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் ராமனின் தமையனார் மகனே. எனவே, சந்திரசேகர் என்னும் ஒரே பெயர் கொண்ட இவ்விருவரும் அத்தை மகனும் அம்மான் மகனுமாக உறவுடையவர்கள்.

புகழ் மிக்க குடியிற் பிறத்தல் பெரும்பேறு என்பர். அது பெருஞ்சுமையும் ஆகும் என்பதைச் சிலரே நினைப்பர். ஆலமரத்தின் அடியில் விழுந்த விதைக்கு நிழல் உண்டு, வெயில் இல்லை. மாமனோ நோபெல் பரிசு பெற்றவர். அம்மான் மகனோ அதே பெயரால் உலகெங்கும் அறியப்பெற்றவர். இவர்களுக்கு நடுவில் ஒருவர் தமக்கென ஓர் இடம் தேடிக்கொள்ள வேண்டுமாயின், பிறர் நடந்த வழியை விட்டுப் புதுவழி காண்டல் வேண்டும். சந்திரசேகர் அதனைச் செய்தார். ஆயின் விரைந்து செய்தாரல்லர்.

நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1951ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டம் பெற்றபின், பெங்களூரில் ராமன் 1948ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில், அம்மாமனிடமே மாணவராக அமர்ந்தார். அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், படிகங்கள் ஒளியைத் திருப்பும் தன்மை. பளிங்கு போன்ற சில படிகங்களின் ஊடே ஒளி செல்லும்போது, அவ்வொளியின் அதிர்வுத் தளம் முறுக்குண்டு வெளிப்படும். எந்நிறத்தொளி எவ்வளவு முறுக்குறும் என்பதை அவர் ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டில் நாகபுரிப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர், இலண்டனில் 1851ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருங்கண்காட்சியின் நிதியிலிருந்து வழங்கப்பெறும் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்குக் கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர்கள் படிகத்துட் புகுந்து சிதறும் முறையை ஆராய்ந்தார். படிகத்தின் ஒவ்வோர் அடுக்கும் கதிரிற் சிறிது எதிரொளிக்கும். அவ்வாறு எதிரொளித்த பகுதியை மற்றோர் அடுக்கு மீண்டும் எதிரொளிக்கும். இவ்வாறு முன்னும் பின்னும் ஓடும் கதிர்களின் கணக்கைத் திருத்தமாகச் செய்தல் எளிதன்று. சந்திரசேகர் அக்கணக்கில் தேர்ச்சி எய்தினார். அதன்பின் சில காலம் இலண்டனிலும் ஆய்ந்தார்.

படிகத்தில் ஒளி முறுக்குண்ணல், அடுக்குகளிற் கதிர் எதிரொளித்தல் என அவர் அதுகாறும் பயின்றவை இரண்டும் தனித்தனிப் பாடங்களாகவே தோன்றின. அவை இரண்டும் ஒரு நாள் ஓரிடத்திற் கூடும் என்பதை அவரும் அப்போது அறிந்திரார்.

மைசூர் வாழ்க்கை

1961ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். மைசூர்ப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். துறை புதியது, யாவும் அடியிலிருந்து எடுத்துக்கட்ட வேண்டியவை. எதனை ஆராய்வது என்று தேர்ந்துகொள்ளுதலும் அவற்றுள் ஒன்று. அந்நாளில் உலகத்துப் பேரறிஞர் பலர் ஈடுபட்டிருந்த துறைகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு பின்செல்லுதல் எளிது. சந்திரசேகரோ, சிலரே நாடிய திரவப் படிகத்தைத் தேர்ந்தார்.

அவருடைய பழைய பயிற்சிகள் இரண்டும் கூடியது அங்கேதான். திரவப் படிகங்களில் ஒருவகை உண்டு. அதன் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைந்தாற்போல் இருக்கும்; ஒவ்வோர் அடுக்கும் தன் கீழடுக்கினின்றும் சிறிதே திரும்பியிருக்கும்; ஆதலால் முழு அமைப்பும் சுழற்படிக்கட்டைப் போன்று முறுக்குடையதாகும். இவ்வமைப்பு ஒளியைப் பெரிதும் முறுக்கும். சில நிறங்களை மட்டும் எதிரொளித்து வண்ணங் காட்டும். ஒளி முறுக்குண்ணலை ராமனிடம் கற்றவர். அடுக்குகளில் கதிர் எதிரொளித்தலைக் கேம்பிரிட்ஜிற் கற்றவர். அவ்விரண்டையும் கொண்டு, எக்ஸ்-கதிர்க்கெனச் செய்த கணக்கு முறையை இச்சுழற்படிக்கட்டில் ஒளி செல்லுதற்கும் பொருத்தி, தம் மாணாக்கருடன் விளக்கம் கண்டார். கற்ற கல்வி எதுவும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தே அவர் ஒரு பெருந்துயரையும் எய்தினார். அவர்தம் தம்பி பஞ்சரத்தினமும் இயற்பியலறிஞரே. முனைவுற்ற ஒளியைப் பற்றி அவர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இன்று அவர் பெயராலேயே வழங்கும் அரிய கருத்தைத் தன்னகத்தே கொண்டது. அதன் பெருமையை உலகம் உணருமுன்னரே, 1969ஆம் ஆண்டில், தம் 35ஆம் வயதில், ஆக்ஸ்போர்டில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் ராமனும் மறைந்தார். ஈராண்டுக்குள் தம்பியையும் ஆசிரியரையும் இழந்த சந்திரசேகர், 1971ஆம் ஆண்டில், தாம் மாணவராக இருந்த பெங்களூர் ஆராய்ச்சிக் கழகத்திற்கே மீண்டு வந்து, அங்குத் திரவப் படிக ஆய்வுக்கூடத்தை அமைத்தார்.

வட்டத் தட்டுகளின் வரலாறு

அவ்வாய்வுக்கூடத்தின் தனிச்சிறப்பு, இயற்பியலாரும் வேதியியலாரும் ஒரே கூரையின்கீழ் உழைத்தமை. தமக்கு வேண்டிய திரவப் படிகப் பொருளை அயல்நாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திராமல், தாமே ஆக்கி, தாமே ஆராய்ந்து, தாமே விளக்கங் காண அவ்விடம் வாய்ப்பளித்தது. 1973ஆம் ஆண்டு டிசம்பரில் திரவப் படிகம் பற்றிய அனைத்துலக மாநாடு ஒன்றும் அக்கழகத்தில் நிகழ்ந்தது.

ரைனிட்சர் காலந்தொட்டு அறிஞர் கண்ட திரவப் படிகங்கள் பல்லாயிரம். அவை பலவாயினும், அவற்றின் மூலக்கூறுகள் யாவும் கோல் போன்று நீண்ட வடிவின. ஆதலின், திரவப் படிகம் ஆகவேண்டுமாயின் மூலக்கூறு கோல் வடிவினதாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து நூல்களில் வேரூன்றியிருந்தது. கோல்களைக் கட்டாகப் பிடித்தால் அவை ஒரே திசை நோக்குதல் இயல்பு. எனவே அக்கருத்தை ஐயுறுதற்கும் காரணம் இல்லாதிருந்தது.

ஆயினும், எப்பொருளும் இதுகாறும் காணப்பெறவில்லை என்பதும், அப்பொருள் இருத்தலே இயலாது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது பட்டறிவு, பின்னது துணிபு. பலர் முன்னதைப் பின்னதாக மயங்குவர். தட்டையான மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகுமோ என்னும் வினா முன்பும் எழுந்ததுண்டு. ஆனால் தூயதொரு தனிப்பொருளில் எவரும் அதனைத் தெளிவுறக் கண்டாரில்லை. சந்திரசேகர் அவ்வினாவை எடுத்துக்கொண்டார்.

தட்டு வடிவ மூலக்கூற்றை ஆக்குவது எங்ஙனம்? பென்சீன் என்பது ஆறு கரியணுக்கள் வளையமாக இணைந்த தட்டையான அமைப்பு. அவ்வளையத்தின் ஆறு முனைகளிலும் ஆறு நீண்ட கரியணுச் சங்கிலிகளைப் பொருத்தினால், நடுவே இறுகிய வட்டமும் சுற்றிலும் நெகிழ்ந்த சங்கிலிகளும் உடைய தட்டு ஒன்று கிடைக்கும். சூரியகாந்தி மலரின் நடுவட்டமும் சுற்றிதழ்களும்போல அது தோன்றும். பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் என்னும் ஆய்வாளர் இருவர் இப்பணியில் சந்திரசேகருடன் இணைந்து உழைத்தனர்.

அப்பொருளைச் சூடாக்கி ஆராய்ந்தனர். திண்மநிலை நீங்கியபின்னும் அது உடனே தெளிந்த திரவம் ஆகாமல், இடையே வேறொரு நிலையில் நின்றது. முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கியாற் கண்டனர். வெப்ப அளவுகளை ஆய்ந்தனர். எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் பார்த்தனர். மூவகைச் சோதனையும் ஒரே முடிவைக் காட்டின. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து தூண்களாக நின்றிருந்தன!

அவ்வமைப்பை இவ்வாறு கருதுக. காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் ஒன்று செய்க. அத்தகைய தூண்கள் பலவற்றை, தேனடையின் கண்ணறைகள் அமைந்திருத்தல்போல, அறுகோண முறையில் அருகருகே நிறுத்துக. மேலிருந்து நோக்கின் தூண்களின் வரிசை படிகம்போல் ஒழுங்குடையதாகும். ஆனால் ஒவ்வொரு தூணிலும் தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒருபடித்தாய் இராது. ஓரிடத்து நெருங்கியும் ஓரிடத்து விலகியும் இருக்கும். எனவே நீளமும் அகலமுமாகிய இரு திசைகளில் படிக ஒழுங்கு. உயரமாகிய மூன்றாம் திசையில் திரவத்தின் ஒழுங்கின்மை. இயற்கை இவ்வாறும் ஒரு பொருளுக்குள் இரு தன்மைகளையும் பங்கிட்டு வைத்திருந்தது.

இக்கண்டுபிடிப்பை 1977ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அயல்நாட்டு இதழில் வெளியிட்டாலன்றி உலகம் மதியாது என்று கருதுவோர் பலர். சந்திரசேகரும் துணைவரும் தம் கட்டுரையை இந்திய அறிவியற் கழகங்களுள் ஒன்று நடத்தும் 'பிரமாணா' என்னும் இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரையிற் போற்றத்தக்க பண்பு ஒன்று உண்டு. தாம் கண்டதே முதற்காட்சி என்று அவர்கள் முழக்கமிடவில்லை. முதலாவதாக இருக்கக்கூடும் என்ற அளவில் அடங்கியே எழுதினர். சான்றுகள் வலியனவாக இருந்தும் சொற்கள் மெல்லியனவாக இருந்தன. உலகமோ தேடிவந்து அதனைப் படித்தது. பல நாடுகளில் வேதியியலார் புதிய புதிய தட்டு மூலக்கூறுகளை ஆக்கத் தொடங்கினர். ஒரு கட்டுரையினின்று ஒரு துறையே கிளைத்தது.

பயனும் நூலும்

இதனால் விளைந்த பயன் யாது? தூணில் அடுக்கப்பெற்ற தட்டுகளின் வழியே மின்னூட்டம் மேலுங்கீழுமாகச் செல்ல வல்லது. ஆகவே மின்னணுக் கருவிகளுக்கு ஏற்ற புதுவகைப் பொருளாக அறிஞர் இவற்றை ஆராய்ந்து வருகின்றனர். திரவப் படிகக் காட்சித்திரைகளில் மற்றொரு பயன் வாய்த்தது. பழைய திரைகளை நேர்நின்று நோக்கினால் உருவம் தெளிவாகத் தோன்றும். பக்கத்தில் நின்று நோக்கினால் மங்கும். தட்டு மூலக்கூறுகளால் ஆகிய மெல்லிய படலத்தைத் திரையில் அமைத்தபோது அக்குறை பெரிதும் குறைந்தது. 1977ஆம் ஆண்டில் அறிவு வேட்கை ஒன்றினாலே தேடிய பொருள், பிற்காலத்தே எண்ணிறந்த மாந்தர் கண்முன் நின்று தொண்டாற்றிற்று.

அதே 1977ஆம் ஆண்டில், 'திரவப் படிகங்கள்' என்னும் பொருள்படும் அவருடைய ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. உலகெங்கும் இத்துறை பயில்வார்க்கு அஃது அடிப்படை நூலாயிற்று. 1992ஆம் ஆண்டில் விரிவான இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது.

முதுமையில் ஒரு தொடக்கம்

புகழ்கள் அவரைத் தேடிவந்தன. 1972ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசு பெற்றார். 1983ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். விண்மீன் ஆய்ந்த சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றதும் அவ்வாண்டே. 1990ஆம் ஆண்டில் தோன்றிய அனைத்துலகத் திரவப் படிகக் கழகம் அவரையே தன் முதல் தலைவராகக் கொண்டது. 1994ஆம் ஆண்டில் அரசக் கழகம் தன் அரச பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1998ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்ம பூஷண் விருது நல்கிற்று.

1990ஆம் ஆண்டில் அவருக்கு அகவை அறுபது நிரம்பிற்று. பணியினின்று ஓய்வு பெறும் பருவம் அது. பெற்ற புகழே போதும் என்று அமர்ந்திருப்பின் குறைகூறுவார் எவரும் இல்லை. ஆயினும் அவர் மீண்டும் புதிதாகத் தொடங்கினார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணைகொண்டு, 1991ஆம் ஆண்டில் பெங்களூர் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவினார். மைசூரில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வெறுந்தரையில் தொடங்கியவர், அறுபதாம் அகவையில் மற்றொரு முறை அவ்வாறே தொடங்கினார். அறிவு நாட்டமும் தொழில்நாட்டமும் கைகோத்துச் செல்லவேண்டும் என்னும் வேட்கையே அவரை அவ்வாறு செலுத்திற்று.

2004ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் பெங்களூரில் அவர் இயற்கை எய்தினார். அவர் வித்திட்ட மையமோ வளர்ந்தது. நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்னும் பெயருடன் அஃது இன்றும் பெங்களூரில் ஆராய்ச்சி நடத்தி வருகின்றது.

சந்திரசேகர் வாழ்வினின்று மாணவர் கொள்ளத்தக்கது யாது? அறிவுடைமை மட்டுமன்று, அறிவுடையார் பலர். நூலில் எழுதியிருப்பதை நன்கு கற்றபின், இஃது இவ்வாறுதான் இருத்தல் வேண்டுமோ என்று ஒரு முறை வினவும் துணிவே அவரை உயர்த்தியது. அவ்வினா செருக்கிற் பிறந்ததன்று. நெடுநாள் உழைப்பிற் பிறந்தது. முப்பது ஆண்டு கற்றவற்றை அடித்தளமாக இட்டபின்னரே அவர் கோல்களை விடுத்துத் தட்டுகளைத் தேடினார். கண்டபின்னரும் அடங்கியே பேசினார். திண்மமென்றும் திரவமென்றும் பகுக்கவியலாத பொருள்களை உலகம் விந்தை என்று ஒதுக்கிவைத்த காலத்தில், அவற்றுள்ளும் ஒழுங்கு உண்டென்று நம்பிப் பொறுமையுடன் நோக்கினார். நம் இல்லத்து அடுக்களையிலும் இன்னும் விடைகாணாத பொருள்கள் உள்ளன. அவற்றை நோக்கி வினவுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கூர்ந்த கண்ணும் சோர்விலா உழைப்பும் வேண்டும்.